கியோட்டோவில் முதல் நான்கு நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியோட்டோவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை தனியாக, அடுத்த முறை அம்மாவோடு. அதற்குப் பிறகு ஜப்பான் கிளம்புகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். முதல் நான்கு நாட்களைப் பற்றி மட்டும்தான். கட்டணங்களைக் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோ போகாமல் நேராகக் கியோட்டோவில் இறங்கலாமா?

தாராளமாக. 794-இலிருந்து 1868 வரை ஜப்பானின் தலைநகரம் இதுதான். சுமார் 1,600 பௌத்தக் கோயில்களும் ஜப்பானின் பூர்விகச் சமயமான ஷிண்டோவின் 400 ஆலயங்களும் உள்ள ஊர். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே நாளில் ஊரின் நான்கு மூலைக்கும் ஓடுவார்கள். மாலையில் கால் வலியும் பஸ் நெரிசலும்தான் நினைவில் நிற்கும்.

வடக்கு, கிழக்கு, மேற்கு என மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு இது. பெரிய கோயில்கள் பல மலையடிவாரத்தில் இருக்கின்றன. கிழக்கு மலையடியிலிருந்து மேற்கு மலையடிக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இது: ஒரு நாளுக்கு ஒரு திசை. அந்தத் திசைக்கு விடியற்காலையில் போய்விடுங்கள். மீதியை நடந்து பாருங்கள்.

விசா, குடிநுழைவு வேலைகள் கடினமா?

இந்தியாவில் வசிப்பவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் சுற்றுலாவுக்கு மின்விசா கிடைக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். விமான நிலையத்தில் அந்த விசாவை இணையத்தில் நேரடியாகத் திறந்து போனில் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், அச்சுப் பிரதி எதுவும் செல்லாது. ஆகவே இறங்கியதும் வேலை செய்கிற இசிம் அல்லது ரோமிங் கட்டாயம். ‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் குடிநுழைவு, சுங்க விவரங்களை ஊரிலேயே நிரப்பி க்யூஆர் குறியீட்டை எடுத்து வைத்துக்கொண்டால் வரிசை வேகமாக நகரும்.

எந்த விமான நிலையம்? அங்கிருந்து ஊருக்கு எப்படிப் போவது?

கியோட்டோவுக்கென்று விமான நிலையம் கிடையாது. ஒசாகா வளைகுடாவில் செயற்கைத் தீவு ஒன்றில் 1994-இல் திறந்த கான்சாய் விமான நிலையத்துக்குச் சீட்டு எடுங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாக வரலாம். அங்கிருந்து ‘ஹாருகா’ ரயில் ஏறக்குறைய 80 நிமிடத்தில் கியோட்டோ நிலையத்தில் இறக்கிவிடும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு இதில் சலுகைச் சீட்டு உண்டு, ஊரிலிருந்தே வாங்கிவிடுங்கள்.

நாடு முழுக்க ஜப்பான் ரயில்வே (ஜே.ஆர்.) வண்டிகளில் போக உதவும் ஜே.ஆர். பாஸ் எடுக்கவா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்திவிட்டார்கள். கியோட்டோவைச் சுற்றியே இருப்பவருக்கு அது வீண் செலவு. முன்பணம் ஏற்றி வைக்கும் ‘இகோகா’ அட்டை ஒன்று போதும். ரயில், பஸ், வழியில் தண்ணீர் வாங்குகிற இயந்திரம் எல்லாவற்றிலும் தட்டிவிட்டுப் போகலாம்.

காலையிலேயே போய்ச் சேர்கிறோம், அறையோ மூன்று மணிக்குத்தான். அதுவரை?

பெட்டியை விடுதி வரவேற்பில் ஒப்படையுங்கள். பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் நிலையத்தில் காசு போடும் லாக்கர்கள் இருக்கின்றன. பெரிய பெட்டிக்கான லாக்கர்கள் காலை பத்து மணிக்குள் நிரம்பிவிடும்.

அப்புறம் தோ-ஜி கோயிலுக்கு நடங்கள். நிலையத்திலிருந்து கால் மணி நேரம், சமதளம், இரவெல்லாம் விமானத்தில் வந்தவருக்கும் சிரமம் இல்லை. 796-இல் தொடங்கிய கோயில். அதன் ஐந்தடுக்குக் கோபுரம் சுமார் 55 மீட்டர், ஜப்பானின் மரக் கோபுரங்களில் இதுதான் உயரம். இன்று நிற்பது 1644-இல் மீண்டும் கட்டியது. பிரசங்க மண்டபத்துக்குள் அரையிருட்டில் 21 சிலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று யானைமேல் அமர்ந்திருக்கும். பெயர் தைஷாகுதென், நம் இந்திரன். எதிர்ப்புறம் அன்னங்கள் தாங்கும் தாமரையில் நான்கு முகத்தோடு இருப்பவர் போன்தென், அதாவது பிரம்மா. முதல் நாள் களைப்பில், முன்பின் தெரியாத ஊரில் இவர்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாதத்தின் 21-ஆம் தேதி போனால் கோயில் வளாகம் முழுக்கச் சந்தை கூடியிருக்கும்.

மாலையில் வேறெதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். கமோ ஆற்றங்கரையில், சன்ஜோ பாலத்துக்கும் ஷிஜோ பாலத்துக்கும் நடுவே போய் உட்காருங்கள். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். பிறகு சீக்கிரம் தூங்கிவிடுங்கள். நேர வித்தியாசம் மூன்றரை மணிதான், ஆனால் அது நமக்கு எதிராக வேலை செய்யும். அங்கே காலை ஆறு என்றால் நம் உடம்புக்கு இரவு இரண்டரை.

எங்கே தங்குவது நல்லது?

கியோட்டோ நிலையத்துக்குப் பக்கத்தில், அல்லது ஷிஜோ-காராசுமா சந்திப்புக்குப் பக்கத்தில். முதலாவது ரயிலுக்கு வசதி, இரண்டாவது கடைகளுக்கும் ஆற்றங்கரைக்கும் வசதி. அறை வாடகையோடு தங்கும் வரி தனியாக வரும், 2018 முதல் வசூலிக்கிறார்கள்.

ஊருக்குள் சுற்ற பஸ்ஸா, ரயிலா?

முதலில் ரயிலைப் பாருங்கள், வேறு வழியில்லை என்றால் பஸ். சுரங்க ரயிலில் இரண்டே தடங்கள்: வடக்கு-தெற்காகக் காராசுமா, கிழக்கு-மேற்காகத் தோசாய். இவற்றோடு ஜே.ஆர்., கெய்ஹான், ஹான்கியூ ரயில்களும் ரான்தென் டிராமும் சேர்ந்தால் பாதி ஊருக்குப் போய்விடலாம்.

நகர பஸ்ஸில் பின்பக்கம் ஏறி முன்பக்கம் இறங்க வேண்டும். இறங்கும்போதுதான் காசு. ஊருக்குள் எங்கே போனாலும் பெரியவர்களுக்கு 230 யென். பழைய ஒரு நாள் பஸ் பாஸை நிறுத்திவிட்டார்கள். இப்போது சுரங்க ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த பாஸ் 1,100 யென்னுக்கு இருக்கிறது. முதல் பயணத்தில் நான் பெரிய பெட்டியோடு பஸ் ஏறினேன். கூட்டத்தில் முன்பக்கம் போய்ச் சேர முடியாமல் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன். வழிவிட எழுந்த பாட்டி ஒருவரின் சங்கடமான முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. பெட்டி இருந்தால் டாக்ஸி பிடியுங்கள்.

ஃபுஷிமி இனாரியில் ஆளே இல்லாத படங்கள் பார்த்தோம். உண்மையில் அப்படி இருக்குமா?

காலை ஆறரைக்குள் போனால் ஓரளவுக்கு இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் கிடையாது. இந்த ஆலயத்துக்குக் கதவு கிடையாது, கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் திறந்திருக்கும். கியோட்டோ நிலையத்திலிருந்து ஜே.ஆர். நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம் இனாரி. இறங்கினால் எதிரே ஆலயம்.

இனாரி நெல்லுக்கான தெய்வம். பிறகு வியாபாரத்துக்கும் அவரே ஆகிவிட்டார். தொழில் செழிக்க வேண்டும் என்றும், செழித்ததற்கு நன்றியாகவும் கடைக்காரர்களும் நிறுவனங்களும் கொடுத்த செந்நிறத் தோரண வாயில்கள்தான் மலை முழுக்க வரிசையாக நிற்கின்றன. ஜப்பானியத்தில் தோரி என்பார்கள். ஏறும்போது வெறும் சிவப்புத் தூண்களாகத்தான் தெரியும். இறங்கும்போதுதான் ஒவ்வொரு தூணிலும் கருப்பு எழுத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும் கண்ணில் படும். அதனால் பாதி வழியில் திரும்பினாலும் பரவாயில்லை, இறங்கும்போது மெதுவாக இறங்குங்கள். சில தூண்களின் அடி மழையில் உளுத்துப்போய் மரம் தெரியும், பக்கத்திலேயே புது வண்ணம் மின்னுகிற தூண் நிற்கும். நரிச் சிலைகளின் வாயையும் கவனியுங்கள். ஒன்று சாவியைக் கவ்வியிருக்கும், இன்னொன்று நெற்கதிரை.

மலை 233 மீட்டர்தான். உச்சிவரை சுற்றி வர இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். பாதி வழியில் யோத்சுத்சுஜி என்ற சந்திப்பிலிருந்து ஊர் தெரியும். வயதானவர்களுக்கு அதுவரை போதும். அம்மா அதற்கும் முன்னாலேயே, இரண்டு வரிசையாகப் பிரியும் தோரணப் பாதை முடிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கிழக்குப் பக்கத்துக்கு ஒரு நாள் போதுமா?

போதும், கியோமிசு-தேராவில் தொடங்கினால். அது காலை ஆறு மணிக்கே திறக்கிறது, நுழைவு 500 யென். கோயில் 778-இல் தோன்றியது, இப்போதுள்ள பெரிய மண்டபம் 1633-இல் கட்டியது. மலைச்சரிவில் 13 மீட்டர் உயரத் தூண்கள்மேல் நிற்கிறது மேடை. மரத்தோடு மரம் கோத்துக் கட்டிய சட்டம், ஆணி கிடையாது. துணிந்து ஒரு முடிவெடுப்பதை ஜப்பானியர்கள் ‘கியோமிசு மேடையிலிருந்து குதிப்பது’ என்பார்கள். கீழே ஒதோவா ஊற்று மூன்று தாரைகளாக விழும். நீண்ட பிடி வைத்த அகப்பையில் பிடித்துக் குடிக்கலாம். மூன்றிலும் குடிப்பதைப் பேராசை என்று நினைக்கிறார்கள், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு சன்னென்சாகா, நினென்சாகா படிச்சரிவுகள் வழியே இறக்கமாகவே நடந்து, யாசாகா ஆலயம் தாண்டி கியோன் என்ற பழைய பகுதிவரை வரலாம். ஏழு மணிக்கு அந்தத் தெருவில் கடை வாசலைக் கூட்டுகிறவர்கள் மட்டும் இருப்பார்கள். பதினொரு மணிக்கு அதே தெருவில் தோளோடு தோள் இடிக்கும்.

சஞ்சூசங்கென்தோவில் நம் தெய்வங்கள் இருக்கின்றனவாமே?

இருக்கிறார்கள். கியோட்டோவில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் அனுப்புவது இங்கேதான். கியோமிசுவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். 1266-இல் மீண்டும் கட்டிய மர மண்டபம், நீளம் 120 மீட்டர். நடுவே பெரிய கன்னொன் ஒருவர் அமர்ந்திருக்க, இருபுறமும் ஐந்நூறு ஐந்நூறாக, ஆளுயரக் கன்னொன்கள் ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கன்னொன் என்பது பௌத்தத்தில் கருணையின் வடிவமான அவலோகிதேசுவரரின் ஜப்பானியப் பெயர்.

அவர்களுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள். இந்தியாவில் பிறந்து, சீனம் வழியாக, பௌத்தத்தோடு வந்து சேர்ந்தவர்கள் இவர்களில் பலர். கருடனை இங்கே கருரா என்கிறார்கள். அலகும் சிறகுமாக நின்று புல்லாங்குழல் ஊதுகிறார்! அம்மா அவர் முன்னால் வெகுநேரம் நின்றார். “பெருமாளைச் சுமக்கிறவர் இங்கே வந்து குழல் ஊதுகிறாரே” என்றார். பிறகு கைகூப்பிவிட்டு நகர்ந்தார். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அது நல்லதுதான், எல்லோரும் சிலைகளைப் பார்க்கிறார்கள்.

சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். கறி, மீன் துண்டு இல்லையென்றாலும் உணவு சைவமாகிவிடாது. ‘தாஷி’ என்ற அடிப்படைச் சாறு பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்தது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, காய்கறிக் கூட்டு எல்லாவற்றிலும் அது இருக்கும். பரிமாறுபவர் “காய்தான்” என்று சொன்னாலும் ‘தாஷி’ என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. கியோட்டோவின் துறவிகள் வளர்த்த ‘ஷோஜின் ரியோரி’ என்ற மடத்துச் சமையலில் கறி, மீன் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. ஊரின் மேற்கே அராஷியாமாவில் தென்ரியூ-ஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே ‘ஷிகெத்சு’ என்ற உணவகத்தில் கிடைக்கும். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. நான்சென்-ஜி கோயில் பக்கம் ‘யுதோஃபு’, அதாவது கடற்பாசிச் சாற்றில் கொதிக்கும் டோஃபு, பிரபலம். தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றில் தாஷி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சோயாப் பாலில் படியும் ஆடையை எடுத்துச் செய்யும் ‘யுபா’வையும் விட்டுவிடாதீர்கள். மற்றபடி ஊருக்குள் இந்திய உணவகங்கள் நிறையவே இருக்கின்றன.

இரவில் எங்களைக் காப்பாற்றியது தயிர்சாதம். எந்தத் தெருமுனைக் கன்வீனியன்ஸ் கடையிலும் பொட்டலச் சோறு கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடத்தில் தயார். சர்க்கரை இல்லாத தயிரும் அங்கேயே இருக்கும். ஜப்பானிய அரிசி குழைவாக இருப்பதால் தயிரோடு நன்றாகச் சேரும். வீட்டிலிருந்து ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப்போங்கள். இறைச்சி கலந்த எதையும் நாட்டுக்குள் விடமாட்டார்கள். பழம், பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். எலக்ட்ரிக் குக்கரையும் விட்டுவிடுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் குக்கர் சரியாகச் சூடேறாது. போன் சார்ஜருக்கு இரண்டு தட்டைக் கம்பி அடாப்டர் போதும்.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும், பலகைகளில் ஆங்கிலம் இருக்கிறது. ஆனால் நாலைந்து வாக்கியம் கற்றுக்கொள்ளுங்கள், தமிழ் பேசுகிறவர்களுக்கு அது எளிது. சொல்வரிசை நம்முடையதுதான், வினை கடைசியில் வரும். ‘கோரே ஓ குதாசாய்’: கோரே என்றால் இது, ‘ஓ’ நம் ஐ வேற்றுமை போல, குதாசாய் என்றால் கொடுங்கள். இதைக் கொடுங்கள், அவ்வளவுதான். ‘நிகு மோ சாகானா மோ தாபேமாசென்’: இந்த ‘மோ’ நம் ‘உம்’. இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன். கேள்வி கேட்க நாம் ஆ சேர்ப்பது போல அவர்கள் கடைசியில் ‘கா’ சேர்ப்பார்கள். எகி என்றால் ரயில் நிலையம், தோகோ என்றால் எங்கே. ‘எகி வா தோகோ தெஸ் கா?’ என்று அம்மா கேட்டதற்கு ஒரு கடைக்காரர் வாசல்வரை வந்து வழி காட்டினார்.

பொற்கோயில் பார்த்தே ஆக வேண்டுமா? மூங்கில் காடு?

இரண்டும் ஊரின் மேற்குப் பாதியில் இருப்பதால் மூன்றாம் நாளை அதற்கு ஒதுக்குங்கள். ஏழு மணிக்கு முன் ஜே.ஆர். ரயிலில் சாகா-அராஷியாமா போய் மூங்கில் பாதையில் நடங்கள். பாதை சிறியது, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். காற்று வீசும்போது உயரத்தில் மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசிக் கடகடவென்று சத்தம் போடும். அதைக் கேட்கத்தான் அவ்வளவு சீக்கிரம் போவது. பக்கத்துத் தென்ரியூ-ஜியின் தோட்டத்தையும் பாருங்கள். பிறகு ரான்தென் டிராமில் ஏறி, கதபிரானோத்சுஜியில் மாறி, கல்தோட்டத்துக்குப் பேர்போன ரியோஆன்-ஜி கோயிலுக்கு வாருங்கள். வெண்சரளைமேல் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்து எண்ணினாலும் ஒன்று மறைந்துவிடும்.

அங்கிருந்து இருபது நிமிட நடையில் பொற்கோயிலான கின்காகு-ஜி. 1397-இல் ஆட்சியாளர் அஷிகாகா யோஷிமித்சு எழுப்பியதை 1950-இல் இளம் துறவி ஒருவர் எரித்துவிட்டார். இப்போது இருப்பது 1955-இல் கட்டியது. மேல் இரண்டு தளங்களுக்குத்தான் தங்கத் தகடு. குளத்தங்கரையில் பத்து நிமிடம், அப்புறம் கூட்டமே உங்களை நகர்த்திவிடும். ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நேரம் இல்லையென்றால் நான் இதை விட்டுவிட்டு ரியோஆன்-ஜியில் உட்காருவேன். திரும்பும்போது நிலையம்வரை பஸ்ஸில் நிற்க வேண்டாம். கிதாஓஜிவரை பஸ், பிறகு சுரங்க ரயில்.

கியோனில் கெய்ஷாக்களைப் படம் எடுக்கலாமா?

துரத்தி எடுக்காதீர்கள். விருந்துகளில் ஆடியும் பாடியும் மகிழ்விக்கும் கலைஞர்கள் அவர்கள். கியோட்டோவில் அவர்களைக் கெய்கோ என்பார்கள், பயிற்சியில் இருக்கும் இளம்பெண்கள் மைகோ. வேலைக்குப் போகிற பெண்களை வழிமறித்ததும் கிமோனோவைப் பிடித்து இழுத்ததும் நடந்திருக்கிறது. அதனால்தான் 2024-இல் கியோனின் தனியார் சந்துகளில் வெளியாள் நுழையத் தடை போட்டார்கள், மீறினால் 10,000 யென். பெரிய தெருவில் தாராளமாக நடக்கலாம். எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், அவ்வளவே.

பெரியவர்களை அழைத்துப்போகிறோம். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம் அடி நடக்க நேரும். எளிதில் கழற்றி மாட்டுகிற காலணி வேண்டும், கோயில் மண்டபங்களில் கழற்றிக்கொண்டே இருப்போம். நல்ல காலுறை வேண்டும், குளிர்காலத்தில் மரத்தரை சில்லென்று ஏறும். கழிப்பறைகள் சுத்தம். பல இடங்களில் தண்ணீர் பீய்ச்சும் இருக்கை இருப்பதால் நம்மவர்களுக்குக் கவலை இல்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். தெருவில் குப்பைத்தொட்டி அரிது, ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையும் வேண்டும், பல கோயில்களில் நுழைவுக்குக் காசுதான். பணம் எடுக்க செவன்-இலெவன் கடை ஏடிஎம்களில் நம் அட்டை வேலை செய்யும். ஐந்து யென் நாணயங்களைச் செலவழிக்காதீர்கள். ‘கோ-என்’ என்றால் ஐந்து யென், நல்ல உறவு என்றும் பொருள். உண்டியலில் போட அதைத்தான் வைத்திருப்பார்கள்.

எந்த மாதம்?

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் செர்ரிப் பூ, நவம்பர் பின்பாதியில் மேப்பிள் சிவப்பு. இரண்டும் அழகு, இரண்டிலும் கூட்டமும் விலையும் உச்சம். ஜூன் மழை, ஜூலை-ஆகஸ்ட் சென்னை போலப் புழுங்கும். ஜூலை 17, 24 தேதிகளில் கியோன் திருவிழாத் தேர் ஊர்வலம் பார்க்க வேண்டுமானால் மட்டும் அந்தப் புழுக்கத்தில் போகலாம். நான் சொல்வது மே நடுப்பகுதி, அல்லது குளிர் பழகியவர்களுக்கு டிசம்பர் நடுப்பகுதி.

நான்காவது நாள் நாராவுக்குப் போய்வரலாமா?

போய்வரலாம், ரயிலில் முக்கால் மணி நேரம். பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் சுற்றுகின்றன. அவற்றுக்கென விற்கும் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு நீங்கள் தலைகுனிந்தால் அவையும் குனியும். கட்டைப் பிரித்தவுடன் சட்டையை இழுக்கும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அங்கே தோதாய்-ஜி கோயிலின் பெரிய புத்தர் சுமார் 15 மீட்டர். 752-இல் அவருக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து வந்திருந்த போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்த தூரிகையிலிருந்து நீண்ட கயிறுகள் கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறக்கும் புண்ணியத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று. அந்தத் தூரிகையையும் கயிற்றையும் இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் பாதுகாக்கிறார்கள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் நேராகப் புத்தரின் கண்களைப் பாருங்கள்.